இன்பமலர் சொல்லாத வசனம்

கைதட்டல் கேட்டால் இன்பமலர் இப்போது மணிக்கட்டைத் துடைத்துக்கொள்வாள். ஒருகாலத்தில் அதற்காக ஏங்கியவள் அவள்.

திருகோணமலை உட்துறைமுக வீதிக்குப் பின்னால், பழைய மாடிவீடு ஒன்றில், பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கிற விடுதி இருக்கிறது. திரியாயிலிருந்தும் மூதூர்ப் பக்கத்திலிருந்தும் உயர்தர வகுப்புப் படிக்க வருகிறவர்கள். பின்னேர வகுப்பு முடிந்தால் ஊருக்குத் திரும்ப பஸ் கிடையாது. அதனாலேயே பாதியில் படிப்பை விட்ட பிள்ளைகள் கனபேர். அவர்களுக்காக நகரத்துப் பெண்கள் சங்கம் ஒன்று தொடங்கிய விடுதி அது. அதன் குசினி இன்பமலருடைய பொறுப்பு. விடியமுன் லிங்கநகரிலிருந்து சைக்கிளில் வருவாள். இடியப்பம், சொதி, சம்பல். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபிறகு மத்தியானச் சமையல். சங்கத்துப் பெண்கள் வந்தால் தேத்தண்ணி. ஐம்பதைத் தாண்டிய, உயரமான, அதிகம் கதைக்காத பெண்.

பதினேழு வயதில் அவள் கோயில் வளவில் நடந்த, யேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகத்தில் நடித்திருக்கிறாள். நடிக்க இருந்த பெண்ணுக்கு அம்மாள் வருத்தம் வந்து உடம்பெல்லாம் கொப்புளம் போட்டுவிட, கூட்டத்தோடு நின்ற இவளைப் பிடித்து ஏற்றினார்கள். மூன்றே மூன்று வசனம். ஆனால் அவள் வாயைத் திறந்ததும் பின்வரிசையில் கச்சான் கொறித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். அடுத்த வருடம் பெரிய பாத்திரம் தருவதாக நாடகம் பழக்கிய அண்ணாவியார் சொன்னார். அடுத்த வருடம் சண்டையால் ஊரில் நாடகம் நடக்கக்கூடிய நிலை இருக்கவில்லை. அதற்குப் பிறகு கலியாணம். கணவன் துறைமுகத்தில் மூட்டை இறக்கப் போனவன், குடித்துக் குடித்தே ஈரல் கெட்டுச் செத்தான். கையில் றிக்சன் என்ற ஒரு மகன். அவனைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு இன்பமலர் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனாள்.

அந்த வீட்டில் ஒருநாள் எசமானியின் கழுத்துச் சங்கிலி காணாமற்போனது. வீட்டில் அண்ணன் தம்பிகள், சாரதி, வந்துபோகிற விருந்தாளிகள் என்று எத்தனையோ பேர். பொலிஸ் வந்து இன்பமலரை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. அங்கே ஓர் அதிகாரி அவளுக்கு ஓர் அரபு வசனத்தைச் சொல்லிக்கொடுத்தான். திருப்பிச் சொன்னால் வீட்டுக்குப் போகலாம் என்று கையால் காட்டினான். அவள் சொன்னாள். ‘நான்தான் எடுத்தேன்’ என்பது அதன் அர்த்தம் என்று அடுத்த அறையில் அடைபட்டிருந்த மலையாளப் பெண் சொல்லித்தான் தெரிந்தது. பிறகு சங்கிலி குளியலறை அலுமாரிக்குப் பின்னால் கிடந்து எடுபட்டது. எசமானி வந்து அவளைக் கூட்டிப்போனாள். ஒரு வார்த்தை இல்லை. காருக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணாடியை இறக்கிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் குளிக்கச் சொன்னாள், இரவுக்கு என்ன சமைக்க வேண்டும் என்று சொன்னாள்.

“அந்தச் சொல்லு கனநாள் வாய்க்குள்ள கிடந்தது,” என்று இன்பமலர் ஒருமுறை தங்கச்சியிடம் சொன்னாள். “நாறின மீனைக் கடிச்ச மாதிரி. எத்தினை தரம் கொப்பளிச்சாலும் போகாது.”

மகன் வளர்ந்து வெளிநாடு போய்விட்டான். அவள் திரும்பி வந்து விடுதியில் சமைக்கத் தொடங்கினாள்.

விடுதியின் கூரை ஒழுகியது, புதுப் பிள்ளைகளுக்கு இடமும் போதவில்லை. நிதி திரட்ட ஒரு நாடகம் போடலாம் என்று விடுதிப் பொறுப்பாளர் அஞ்சலினா மிஸ் முடிவெடுத்தார். ஓய்வுபெற்ற அதிபர் அவர். எழுதி இயக்க கிண்ணியாவிலிருந்து றிஸ்வி சேர் வந்தார். தமிழ் படிப்பிக்கிறவர், பள்ளிக்கூட நாடகங்களில் பேர் எடுத்தவர். “பிள்ளையளின்ர கஷ்டத்தைச் சொல்லி அழவைச்சா சனம் ரிக்கற் வாங்காது. கொலை வைப்பம். ஆர் கொலைகாரன் எண்டு சனமே கண்டுபிடிக்கட்டும்,” என்றார் அவர்.

நாடகத்துக்கு ‘பங்களாவில் விருந்து’ என்று பெயர். துறைமுகத்தைப் பார்த்த பங்களா ஒன்றில், விருந்து நடக்கிற இரவு, சொத்துக்கார அம்மா பாயாசத்தில் கலந்த நஞ்சால் செத்துப்போகிறார். வீட்டில் இருந்தவர்கள் டொக்டர் மருமகன், கணக்குப்பிள்ளை, அக்காவின் மகள், வேலைக்காரி. இடைவேளையில் சபையோர் தாங்கள் சந்தேகப்படுகிற ஆளின் பெயரைத் துண்டில் எழுதிப் பெட்டிக்குள் போடவேண்டும். சரியாக எழுதியவர்களில் ஒருவருக்கு பிறஷர் குக்கர் பரிசு. கடைசிக் காட்சியில் இன்ஸ்பெக்டர் உண்மையை வெளியில் கொண்டுவருவார். இன்ஸ்பெக்டர் றிஸ்வி சேரேதான்.

வேலைக்காரிக்கு ஆள் தேடியபோது அஞ்சலினா மிஸ் குசினி வாசலில் வந்து நின்றார்.

“இன்பமலர், உங்களை விட்டா இதுக்கு வேற ஆர்? நீங்கள் நடிக்கவே தேவையில்லை. அப்பிடியே வந்து நிண்டாப் போதும்.”

இன்பமலருக்குச் சுருக்கென்றது. ஆனால் மேடை என்ற சொல் அதைவிடப் பெரிதாகக் கேட்டது. “ஓம் மிஸ், வாறன்,” என்றாள்.

ஒத்திகையின் முதல் நாளே றிஸ்வி சேருக்கு விளங்கிவிட்டது, இது சும்மா வந்து நிற்கிற ஆள் அல்ல என்று. அவளுக்காகவே கடைசிக் காட்சியை நீட்டி எழுதினார். இன்ஸ்பெக்டர் முதலில் அவளைத்தான் பிடிப்பார். அவள் தலையைக் குனிந்து நிற்பாள். பிறகு மெல்ல நிமிர்ந்து, அன்றிரவு அந்த வீட்டில் தான் கண்டதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்வாள். பாயாசக் கோப்பையை டொக்டர் தன் கையாலேயே மாமியாருக்குக் கொண்டுபோனதில் வந்து முடிப்பாள். “டொக்டர், உங்கட கையைக் காட்டுங்கோ,” என்று கைவிலங்கை எடுப்பார் இன்ஸ்பெக்டர். நாடகம் முடியும்.

அந்தக் காட்சியை அவள் தேங்காய் துருவும்போதும் சொல்வாள், அரிசி களையும்போதும் சொல்வாள். கேட்கிறது லதுஷா. திரியாய்ப் பிள்ளை, உயிரியல் படிக்கிறவள். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு குசினிக் கதிரையில் இருந்து, பிழைவிட்ட இடங்களைத் திருத்துவாள். “அன்ரி, அந்த இடத்தில நீங்கள் என்னைப் பாக்கேக்க எனக்கே பயமா இருக்கு,” என்பாள். இன்பமலர் அந்த நாட்களில் சிரித்ததுபோல் அதற்கு முன் யாரும் கண்டதில்லை.

டொக்டராக நடித்தவர் பேணாட் முதலாளி. கட்டடச் சாமான் கடை வைத்திருக்கிறவர். மண்டபத்துக்கும் லைற்றுக்கும் அவர்தான் செலவு. மேடைக்குப் பின்னால் தொங்கிய பெரிய பதாகையிலும் அவருடைய கடையின் பெயர்தான். தனக்கும் ஒரு பாத்திரம் வேண்டும் என்று கேட்டு வாங்கினவர். வெள்ளைக் கோட்டும் கழுத்தில் குழாயும் போட்டுப் படமெடுத்து முகநூலில் போட்டபோது அவருக்கு நல்ல சந்தோஷம். நாடகத்துக்கு முந்தின நாள் ஒத்திகையில்தான் கடைசிக் காட்சி வரை இருந்து பார்த்தார்.

“சேர், இது சரிவராது,” என்றார் எழும்பி. “எங்கட ஆக்கள் குடும்பத்தோட வருவினம். எலெக்ஷனும் வருது, நான் வோட்டுக் கேக்கிறது உங்களுக்குத் தெரியும். மாமிக்கு நஞ்சு வைச்சவன் எண்டு ஆரும் வீடியோ எடுத்துப் போட்டா நான் என்ன செய்யிறது?”

“அது நாடகம்தானே முதலாளி,” என்றார் றிஸ்வி சேர்.

“எனக்கும் தெரியும் நாடகம் எண்டு. சனத்துக்குத் தெரியுமோ?”

“அப்ப ஆரைக் கொலைகாரனாக்கிறது?”

“ஏன், வேலைக்காரி இருக்கிறாதானே.”

இன்பமலர் கையில் தட்டத்தோடு அவருக்குப் பக்கத்தில்தான் நின்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை. கணக்குப்பிள்ளையாக நடித்த வங்கி உத்தியோகத்தர் செருப்பைப் பார்த்தார். அஞ்சலினா மிஸ் கைப்பைக்குள் எதையோ தேடினார். றிஸ்வி சேர் “பாப்பம்” என்றுவிட்டு, ஒரு மூலையில் போயிருந்து எழுதினார். எழுதி வந்தபோது அவளுடைய நீண்ட பேச்சு முழுவதும் வெட்டப்பட்டிருந்தது. ஒரே ஒரு வசனம் மிச்சம்: “ஓம், நான்தான் செய்தனான். நகைக்கு ஆசைப்பட்டுத்தான் செய்தனான்.”

அவள் அவரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“சேர், இதை மட்டும் எனக்குச் சொல்ல ஏலாது.” குவைத்தில் நடந்ததை அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஓர் ஆணிடம் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கண்கூடக் கலங்கியது.

“விளங்குது அக்கா. நான் விளங்காத ஆள் இல்லை. ஆனா மண்டபம், லைற் எல்லாம் அந்த மனிசன். இப்ப அவர் கையை விட்டா எல்லாம் போயிரும். ஒரே ஒரு நாள்தானே. அந்தப் பிள்ளையள நினைங்கோ.”

அந்தக் கடைசிச் சொல்தான் அவளுக்கு அருவருத்தது. பிள்ளைகளுக்கு விடிய எழும்பி இடியப்பம் பிழிகிறவள் அவள். அவர்களுடைய பெயரைக் கொண்டுவந்து அவளுக்கு முன்னாலேயே வைத்து, இதற்காக இந்த அழுக்கை விழுங்கு என்கிறார். அஞ்சலினா மிஸ்ஸிடமும் போனாள். “ஒரு நாடகம்தானே இன்பமலர், ஏன் பெரிசாக்கிறீங்கள்?” என்றார் மிஸ். முதலாளிக்கு அது வெறும் நாடகம் இல்லை, அவர் பயப்படலாம். தனக்கு மட்டும் அது வெறும் நாடகம். சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனபோது இன்பமலருக்கு எச்சில் விழுங்கவே மனமில்லை.

போகாமல் விட்டிருக்கலாம். ரிக்கற் எல்லாம் விற்றாகிவிட்டது, ஆள் இல்லாமல் நாடகம் நின்றால் பிள்ளைகளுக்குத்தான் நட்டம் என்று போனாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. அவளுக்குக் கிழிந்த சேலை கொடுத்தார்கள். கிழிசல் போதாது என்று யாரோ கத்தரிக்கோலால் இன்னும் இரண்டு இடத்தில் வெட்டினார்கள். முதற்பாதி நன்றாகப் போனது. இடைவேளையில் சங்கத்துப் பெண் ஒருத்தி மேடைக்குப் பின்னால் பெட்டியைத் திறந்து துண்டுகளைப் பிரித்தாள். பிரிக்கப் பிரிக்கச் சிரிப்பு அவளுக்கு. “எல்லாரும் கண்டுபிடிச்சிட்டினம் மிஸ். வேலைக்காரி, வேலைக்காரி, இதிலயும் வேலைக்காரி. இவ்வளவு பேருக்கு எப்பிடிக் குக்கர் குடுக்கிறது?”

பக்கத்தில் நின்று கேட்டாள் இன்பமலர். முதற்பாதியில் றிஸ்வி சேர் ஒரு வரியும் மாற்றவில்லை. டொக்டரைக் காட்டிக்கொடுக்கிற அடையாளங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. அவர் பாயாசக் கோப்பையோடு மேடையைக் கடந்துபோவதை இந்தச் சனம் முழுவதும் கண்ணால் பார்த்திருந்தது. பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள்.

கடைசிக் காட்சி வந்தது. வேலைக்காரி நடுவில். டொக்டர் சாய்கதிரையில் கால்மேல் கால் போட்டபடி. இன்ஸ்பெக்டர் அவளைச் சுற்றி நடந்தார்.

“சொல்லு. பாயாசத்தில நஞ்சு கலந்தது ஆர்?”

அவள் பேசவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்துத் திரைக்குப் பின்னாலிருந்து வசனத்தை எடுத்துக்கொடுத்தார்கள். அவளுக்கு நன்றாகக் கேட்டது. வாயைத் திறந்தால் அந்தப் பழைய நாற்றம் மேலே ஏறிவந்தது.

“உன்னைத்தான் கேக்கிறன். கலந்தது ஆர்?”

“நான் செய்யேல்லை,” என்றாள் இன்பமலர்.

முதலாளி காலை இறக்கி வைத்து ஒருதரம் இருமினார். றிஸ்வி சேர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். பழைய முடிவு அவருக்குப் பாடம், அவர் எழுதியதுதான். டொக்டரின் பக்கம் திரும்பி, கையைக் காட்டுங்கோ என்று சொன்னால் போதும், நாடகம் தன் பாதைக்கு வந்துவிடும். அவள் அதற்காகக் காத்து நின்றாள். வாழ்க்கையில் எந்த ஆணையும் அவள் அப்படிக் கெஞ்சிப் பார்த்ததில்லை. அவருடைய கண் சாய்கதிரைப் பக்கம் போய்வந்தது. பிறகு எட்டி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

“இந்த ஆக்கள் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டினம்,” என்று சபையைப் பார்த்துச் சொன்னார். விளையாட்டுக் கைவிலங்கை மாட்டினார். “கொண்டு போங்கோ.”

மண்டபம் அதிர்ந்தது. முன்வரிசையில் எழும்பி நின்று தட்டினார்கள். பின்னால் விசில் அடித்தார்கள். அன்றைய நாடகத்தில் அதிகம் கைதட்டல் வாங்கிய வசனம் அதுதான்.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. படம் எடுக்கிற நேரம் விடுதிப் பிள்ளைகளை வெள்ளைச் சீருடையில் வரிசையாக நிறுத்தினார்கள். நடுவில் பேணாட் முதலாளி, வெள்ளைக் கோட்டோடு. பிரமுகர்களுக்கு றோல்ஸும் தேத்தண்ணியும் கொடுக்க ஆள் போதவில்லை. அஞ்சலினா மிஸ் அவசரமாக வந்து, “இன்பமலர், அந்தத் தட்டத்தை ஒருக்கா எடுத்துக்கொண்டு போங்கோவன்,” என்றார். உடை மாற்ற நேரம் தரவில்லை. அந்தக் கிழிசல் சேலையோடு அவள் தட்டத்தைத் தூக்கினாள்.

“நஞ்சு கிஞ்சு இல்லையே?” என்றார் முதல் கோப்பையை எடுத்தவர். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த வரிசையிலும் ஒருவர் அதையே சொன்னார். அதற்கு அடுத்த வரிசையிலும். ஒவ்வொருவரும் அது தங்களுக்கு மட்டுமே தோன்றிய பகிடி என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்கள். வாயோரத்தில் றோல்ஸ் தூள் ஒட்டியிருக்க ஒரு பெண் சிரித்துச் சிரித்து இருமினாள். பேணாட் முதலாளி கோப்பையை எடுத்து, மோந்து பார்த்து நடித்து, “அக்கா, என்னை விட்டிடுங்கோ, நான் பாவம்,” என்றார். எல்லாரும் சிரித்த சிரிப்பில் தட்டமே ஆடியது.

இன்பமலர் தட்டத்தை ஒரு கதிரையில் வைத்தாள். மண்டபத்துக்குப் பின்னால் போனாள். அங்கே குப்பைப் பெட்டியைச் சாய்த்துவிட்டு, நகரத்துக்குள் திரிகிற மான்கள் சோறு ஒட்டிய லஞ்ச்சீற்றைச் சப்பிக்கொண்டிருந்தன. ஒன்றின் வாயிலிருந்து பாதி பொலித்தீன் தொங்கியது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். லதுஷா பின்னால் ஓடிவந்து தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தாள்.

வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தபோது றிஸ்வி சேர் வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

“அக்கா, நீங்கள் அந்த வசனத்தைச் சொல்லாம விட்டதுதான் நல்லா வந்தது. சனம் அதைத்தான் ரசிச்சுது. அடுத்த முறை அதையே வைச்சிருவம்.”

இன்பமலர் அவரை நிமிர்ந்து பார்த்தாள். “உங்கட கை ஈரமா இருந்தது சேர்,” என்றாள். “இன்னும் ஒட்டிக்கொண்டு கிடக்கு.”

லதுஷா போத்தலில் மிச்சமிருந்த தண்ணீரை அவளுடைய மணிக்கட்டில் ஊற்றினாள்.

அடுத்த நாளும் இன்பமலர் வழக்கமான நேரத்துக்குக் குசினிக்கு வந்தாள். நாடகம் நன்றாகப் போனதால் வேறு ஊர்களிலும் கேட்டார்கள். அவள் வரமாட்டேன் என்றாள். அஞ்சலினா மிஸ் கோபித்துக்கொண்டார், பிறகு கெஞ்சினார், பிறகு வேறு ஒரு பெண்ணைப் பிடித்தார். அந்தப் பெண் வசனத்தைத் தெளிவாகச் சொன்னாளாம். முதலாளி தேர்தலில் வென்றார். விடுதிக்குப் புதுக்கூரை வந்தது, மாடியில் இன்னும் கட்டில்கள் போட்டார்கள். முதலாளி வந்து படம் எடுத்த நாளில் இன்பமலர் காய்ச்சல் என்று சொல்லி வரவில்லை.

ஒருநாள் லதுஷா குசினிக்குள் வந்து நின்று கேட்டாள்: “அன்ரி, அந்தக் காசில நாங்கள் படிக்கிறது உங்களுக்கு அருவருப்பா, அரியண்டமா இல்லையோ?”

இன்பமலர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“அரியண்டம்தான்,” என்றாள். “அது எனக்கு. நீ அதிலயே படிச்சு முடிச்சிட்டுப் போ. நீயும் விட்டிட்டா, எனக்கு அந்தச் சேலையைக் கட்டினதுக்கு ஒண்டும் மிஞ்சாது.”

லதுஷா பரீட்சை எழுதி, மட்டக்களப்பில் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். இன்பமலர் பஸ் நிலையம் வரைக்கும் போய் அவளுடைய பெட்டியை ஏற்றிவிட்டாள்.

அந்த வருடக் கடைசியில் றிஸ்வி சேர் விடுதிக்கு வந்தார், தனியாக. மூதூரில் சில ஆசிரியைகள் சேர்ந்து பெண்பிள்ளைகளின் மேற்படிப்புக்கு நிதி சேர்க்கிறார்கள், பங்களா நாடகத்தைக் கேட்கிறார்கள் என்றார். பழைய முடிவோடுதான் போடப்போகிறார். முதலாளி இல்லை. நீண்ட பேச்சு அப்படியே இருக்கிறது. அதை இன்பமலரே பேசவேண்டும் என்று கேட்டார்.

“அண்டைக்கு என்னத்துக்கு என்னைப் பிடிச்சீங்கள்?” என்று கேட்டாள்.

“பயந்திட்டன் அக்கா.”

“ஆருக்கு?”

“முதலாளிக்கு எண்டு நினைச்சிருந்தன். பிறகு யோசிச்சா, சனத்துக்கு. அவையள் எழுதிப் போட்டதைப் பிழை எண்டு சொல்லப் பயந்திட்டன்.”

அந்தப் பதிலில் பொய் இல்லை என்பதால் அவள் அவரை இருக்கச் சொன்னாள். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள்.

“வாறன். ஆனா வேலைக்காரியா இல்லை,” என்றாள். “டொக்டரா வாறன். டொக்டர் மருமகளா மாத்தி எழுதுங்கோ. வேலைக்காரிக்கு நீங்கள் வேற ஆரையும் பாருங்கோ. படிச்ச ஆள் ஆராவது வந்து நிண்டு பாக்கட்டும்.”

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு ஓம் என்றார். வேலைக்காரியாக றம்ஸியா என்ற கணித ஆசிரியை நடித்தாள்.

மூதூர்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் இன்பமலர் பட்டுச் சேலை கட்டி, வெள்ளைக் கோட்டுப் போட்டு, மாமியாருக்கு அன்பாகப் பாயாசம் கொண்டுபோனாள். அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து முன்வரிசைப் பெண்கள் “தங்கமான மருமகள்” என்று தங்களுக்குள் கதைத்தார்கள். கடைசியில் கையைக் காட்டச் சொன்னபோது, காட்டினாள். அழவில்லை, கெஞ்சவில்லை. செய்ததை ஏதோ பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். கேட்டவர்களுக்கு உடம்பு கூசியது. திரை விழுந்தபின் ஒரு வயதான பெண், நாடகம் பார்க்க வந்திருந்த அஞ்சலினா மிஸ்ஸைத் தேடிவந்து, “டொக்டரம்மாமார் இப்பிடிச் செய்வாங்களா? இது சரியில்ல,” என்று குறைபட்டுக்கொண்டார். இன்பமலர் பக்கத்தில் நின்று முகத்தில் பூசியதைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போதும் அவள் விடுதியில்தான் சமைக்கிறாள். றிஸ்வி சேர் வருடத்துக்கு ஒரு நாடகம் எழுதுகிறார். கூப்பிட்டால் போவாள், எந்தப் பாத்திரம் என்று முதலில் கேட்பாள். அவரோடு கதைப்பாள், அவர் சொல்கிற திருத்தங்களைக் கவனமாகக் கேட்பாள். ஆனால் அவர் அவளுடைய கையைத் தொடவேண்டிய காட்சி ஏதும் இருந்தால், அதை வெட்டிவிட்டுத்தான் அவர் அவளிடம் எழுத்துப்படியைக் கொடுக்கிறார்.